‘அசோசியேஷன் ஒத்துக்காது’ என்கிறார்கள்: என் வீட்டை முஸ்லிம் குடும்பத்துக்கு வாடகைக்கு விடக்கூடாதா?

சென்னைப் புறநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். அதே வளாகத்தில், அவர் பெயரிலேயே இன்னொரு வீடும் இருக்கிறது. மகனுக்கென்று வாங்கியது, மகன் வெளிநாட்டில் இருப்பதால் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வீடு காலியானதும் பழைய மாணவர் ஒருவர் தேடி வந்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் இவரிடம் படித்தவர், இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்காளர். மனைவி செவிலியர். நான்கு வயதில் ஒரு மகள். வீடு பிடித்துப்போய் 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அசோசியேஷன் செயலாளரிடமிருந்து போன். “மேடம், எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒண்ணும் இல்ல. ஆனா அவங்களுக்கு வீடு விடறதில்லைன்னு நம்ம பில்டிங்ல ஒரு ரூல் இருக்கு. மத்தவங்க சங்கடப்படறாங்க.” அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், முஸ்லிம்கள் ஓர் இடத்தில் குடியேறினால் பத்து வருடத்தில் அந்தத் தெருவே அவர்களுடையதாகிவிடும் என்று ஒரு ஃபார்வேர்டு. போட்டவர் வேறு யாருமில்லை, அதே வளாகத்தில் குடியிருக்கும் ஆசிரியையின் மைத்துனர். கணவர் சொல்வது ஒரே வரி: “நமக்கு எதுக்கு இந்த வம்பு?”

அவர் கேட்பது நான்கு. மதத்தின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியல் சட்டமே சொல்லும்போது செயலாளர் மீது நேரடியாக வழக்குப் போட முடியாதா? அந்தக் குடும்பத்தின் மனம் நோகாமல் இருக்க, ‘வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது’ என்று சொல்லிவிடலாமா? அசைவம் சமைக்க மாட்டோம், பண்டிகைக்கு விருந்தாளிகளைக் கூட்ட மாட்டோம் என்று அவர்களிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் அசோசியேஷன் சமாதானமாகுமா? கடைசியாக, “இந்தப் பையன் மற்றவர்களைப் போல் இல்லை, தங்கமானவன். கலாம், சீதக்காதி என்று நல்ல முஸ்லிம்களைப் பற்றி குரூப்பில் எழுதிப் புரியவைக்கலாமா?”

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. நீங்கள் இன்னும் அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. செயலாளரின் போன் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் போனிலேயே முடித்துக்கொள்வார்கள். நீங்கள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். உங்களுக்குச் சாதகமில்லாத சட்ட நிலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அரசியல் சட்டம் எதுவரை வரும்?

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. உண்மைதான். ஆனால் அதன் முதல் உட்பிரிவு கட்டுப்படுத்துவது அரசை. இரண்டாவது உட்பிரிவு தனியாருக்கும் பொருந்தும். என்றாலும் அது பேசுவது கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொது கேளிக்கை இடங்கள், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை போன்றவற்றில் நுழைவதைப் பற்றி. ஒரு தனியார் தன் வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விட மறுப்பது அதில் வெளிப்படையாக இல்லை. தீண்டாமைக்கு எதிராக 17-ஆவது பிரிவும், அதைத் தண்டனைக்குரியதாக்கும் தனிச் சட்டங்களும் இருக்கின்றன. மதத்தின் பேரில் வீடு மறுக்கும் தனியாரைத் தண்டிக்க அப்படியொரு சட்டம் நம்மிடம் இல்லை. 2006-இல் சச்சார் குழு தன் அறிக்கையில், வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முஸ்லிம் அடையாளமே தடையாகிறது என்று பதிவு செய்தது. சமவாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கவும் சொன்னது. பின்னர் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்று மக்களவையில் அறிமுகமானது. அதுவும் சட்டமாகவில்லை.

ஆகவே, ‘15-ஆவது பிரிவை மீறிவிட்டார்’ என்று செயலாளர் மீது வழக்குப் போட்டால் அது நிற்பது கடினம். இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். ஏனென்றால் உங்கள் நிலைமை வீடு மறுக்கப்பட்டவரின் நிலைமை அல்ல. நீங்கள் உரிமையாளர். வீடு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். குறுக்கே நிற்பது மூன்றாவது ஆள். அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது: உங்கள் சொத்தை நீங்கள் யாருக்கு விடுவது என்று முடிவு செய்ய அசோசியேஷனுக்கு என்ன அதிகாரம்?

அந்த ‘ரூல்’ எங்கே எழுதியிருக்கிறது?

உங்கள் பெயரில் பதிவான கிரயப் பத்திரம் இருக்கிறது. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் உங்களுக்கு உண்டு. சொத்து மாற்றுச் சட்டப்படி அதைக் குத்தகைக்கோ வாடகைக்கோ விடுவது உரிமையாளரின் உரிமை. அசோசியேஷன் என்பது பொது இடங்களைப் பராமரிக்க உரிமையாளர்களே சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், காவலாளி, மெயின்டனன்ஸ் வசூல், குப்பை, வண்டி நிறுத்துமிடம், இரவில் சத்தம் போடாமல் இருப்பது, இவற்றுக்கெல்லாம் எல்லோருக்கும் பொதுவாக விதி போடலாம். குடிவருபவரின் அடையாளச் சான்று, எத்தனை பேர், வண்டி எண் என்ன என்றும் கேட்கலாம். என்ன மதம் என்று கேட்டு அதன்படி கதவைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை இல்லை.

செயலாளர் ‘ரூல்’ என்று சொன்னார் அல்லவா? நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த துணைவிதிகளின் நகலை வரி வரியாகப் படித்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை. பழைய பொதுக்குழுக் குறிப்புகள் எதிலும் பார்த்த நினைவில்லை என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கவும் இருக்காது. இந்த வகை விதிகள் வாயில்தான் இருக்கும். தாளில் ஏறவே ஏறாது. தரகர் போனில் “பேர் என்ன சார்?” என்று கேட்டு, பெயரைக் கேட்டதும் ஒரு நொடி நிறுத்தி, “ஓனர்கிட்ட கேட்டுட்டு கூப்பிடறேன்” என்பாரே, அதற்குப் பின் அந்த அழைப்பு வராதே, அதுவும் இதே ரகம். யாரும் எதையும் எழுதவில்லை, ஆகவே யாரும் எதையும் செய்யவில்லை. ஓனர் கமிட்டியைக் காட்டுவார், கமிட்டி மற்ற குடியிருப்பாளர்களைக் காட்டும், அவர்களில் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் ‘எனக்கு ஒண்ணும் இல்லைங்க’ என்பார்.

அதனால் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் வழக்கு இல்லை. எழுத்துப்பூர்வமாகக் கேட்பதுதான். இப்படி ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்:

“செயலாளர் அவர்களுக்கு, என் பெயரில் உள்ள வீட்டை வரும் முதல் தேதியிலிருந்து வாடகைக்கு விடுகிறேன். குடிவருபவர்களின் அடையாளச் சான்று, வாகன விவரம் இணைத்துள்ளேன். முஸ்லிம்களுக்கு வீடு விடக்கூடாது என்று நமது குடியிருப்பில் விதி இருப்பதாகத் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அத்தகைய துணைவிதியோ பொதுக்குழுத் தீர்மானமோ இருந்தால் அதன் சான்றிட்ட நகலை ஏழு நாள்களுக்குள் அளிக்கவும். இல்லையெனில் வழக்கமான நடைமுறைப்படி குடிவரவைப் பதிவு செய்துகொள்ளவும்.”

கோபம் வேண்டாம், நியாயம் பேச வேண்டாம், மேற்கோள் வேண்டாம். ஆனால் ‘முஸ்லிம்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் போனில் ‘அவங்க’ என்றுதான் சொன்னார். அதை அப்படியே விட்டால், ‘பேச்சுலர்களைச் சொன்னேன்’ என்று நாளைக்கு மாற்றிப் பேச இடம் இருக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருகிற செயலாளர், தன் கையெழுத்துக்கு மேலே என்ன வரப்போகிறது என்று யோசித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பதிலே வராது. ஏழு நாள் கழிந்ததும் ‘ஆட்சேபம் எதுவும் பெறப்படவில்லை’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

சரி, விடாப்பிடியாக ஒரு தீர்மானம் போட்டுவிட்டால்? தமிழ்நாட்டில் பல குடியிருப்புச் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன, உங்களுடையதும் அப்படித்தான். துணைவிதியைத் திருத்த முறைப்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும், பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கமிட்டி ஐந்து பேர் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்கிற விஷயம் அல்ல. அப்படி வந்தால் மாவட்டப் பதிவாளரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உங்கள் உரிமையில் தலையிடக்கூடாது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகையும் (உரிமை உங்களுடையதே என்ற நீதிமன்ற அறிவிப்பு) தடையாணையும் கேட்கலாம். எதிர்த் தரப்பு 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். அகமதாபாத்தில் பார்சிகளுக்கென்றே தொடங்கிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், உறுப்பினர்கள் பார்சிகளாகவே இருக்க வேண்டும் என்று வைத்திருந்த துணைவிதி செல்லும் என்ற தீர்ப்பு அது. நியாயமா என்று கேட்டால், எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் அது ஒரு சமூகத்துக்கென்றே பிறந்த கூட்டுறவுச் சங்கம். விதியை ஏற்றுக்கொண்டுதான் ஒவ்வொருவரும் உள்ளே வந்தார்கள். நீங்களோ கட்டுநரிடம் காசு கொடுத்து, எந்த நிபந்தனையும் இல்லாத பத்திரத்தின் மேல் வீடு வாங்கியவர். இரண்டும் ஒன்றல்ல என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. வழக்கு நிச்சயம் ஜெயிக்கும் என்று மட்டும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். வருடக்கணக்காக இழுக்கவும் கூடும். ஒரு விஷயம்: பெண் என்கிற முறையிலேயே உங்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100.

பொய் சொல்லலாமா, எழுதி வாங்கலாமா?

‘வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது’ என்று சொன்னால் மனம் நோகாது என்று நினைக்கிறீர்கள். அந்தப் பையன் வீடு தேடி எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தைக் கேட்டிருப்பார்! கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும். மற்றவர்கள் சொன்னதோடு ‘டீச்சரும் சொல்லிட்டாங்க’ என்பது சேரும், அவ்வளவுதான். மனம் நோகாமல் தப்பிப்பது நீங்கள்தான், அவர் அல்ல.

நேரில் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரையும் கூப்பிடுங்கள், ஏனென்றால் பகலில் அந்தக் கட்டடத்தில் நடமாடப்போவது பெரும்பாலும் மனைவியும் குழந்தையும். நைட் டியூட்டி முடிந்து காலையில் வருகிற செவிலியர், லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களோடு தினமும் ஏற வேண்டியிருக்கும். கீழே விளையாடும் பிள்ளைகளிடம் ‘அந்தப் பாப்பாவோட சேராதே’ என்று யாராவது சொல்லக்கூடும். இதையெல்லாம் தாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள். நீங்கள் போராடத் தயார் என்பதற்காக அவர்களும் தயாராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. “எங்களுக்கு நிம்மதியான வீடு போதும் டீச்சர், வேற பாக்கறோம்” என்றால் அதில் கோழைத்தனம் ஒன்றும் கிடையாது. டோக்கனை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். அப்போதும் செயலாளருக்கு அந்தக் கடிதத்தை அனுப்புங்கள், அடுத்து வருகிறவருக்காக. “வரோம்” என்றால் அதற்குப் பின் நீங்கள் பின்வாங்கக்கூடாது. பாதியில் விட்டால் இப்போதே மறுப்பதைவிட மோசம்.

அசைவம், விருந்தாளி பற்றி எழுதி வாங்குகிற யோசனையை நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். உங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படி இறங்கி வந்தால் எத்தனை வீட்டில் மசாலா வாசனை வருகிறது? அங்கே யாரிடமும் எழுதி வாங்கவில்லை. இருக்கிற எல்லா வாடகைதாரர்களிடமும் வாங்குகிற உறுதிமொழியை இவரிடமும் வாங்குங்கள். இவருக்கென்று தனி நிபந்தனை போட்டால், குற்றம் செய்யாமலே நன்னடத்தைப் பத்திரம் கேட்பதாகும். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுக்கிற விஷயத்திலும் இதுதான். கொடுப்பதில் தவறே இல்லை. முந்தைய வாடகைதாரருக்கு என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள். இன்னொன்று, எழுதிக் கொடுத்தால் அசோசியேஷன் சமாதானமாகிவிடும் என்கிறீர்கள். ஆகாது. அவர்களுடைய தயக்கம் சமையல் பற்றியது அல்லவே.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்குத் தண்ணீரை நிறுத்துவது, லிஃப்ட் கார்டு தராமல் இழுப்பது என்று ஏதாவது தொந்தரவு ஆரம்பித்தால் இந்தப் பதிவு கைகொடுக்கும். அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதை அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. குடிவருகிற அன்று சாமான் வண்டியை வாசலில் மறித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 126-ஆவது பிரிவின்படி முறையற்ற தடுப்பு, மிரட்டினால் 351. காவல் நிலையத்தில் புகார் தரலாம். அந்தக் குடும்பம் மாநில சிறுபான்மையினர் ஆணையத்திலும் முறையிடலாம்.

மைத்துனர் போட்ட ஃபார்வேர்டு

இதற்கு வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் ஓரத்தில் ‘அட்மின் உள்ளே போவாரா?’ என்று கிறுக்கியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை நீக்க வேண்டும். எழுதியவர், பரப்பியவர் விஷயம் வேறு. மதங்களுக்கிடையே பகையை வளர்ப்பது அதே நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெறுப்புப் பேச்சு என்று தெரிந்தால் புகாருக்குக் காத்திராமலே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. என்றாலும் 196-ஆவது பிரிவில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும், உள்நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். அறியாமையில் தள்ளிவிட்ட ஒரு ஃபார்வேர்டுக்கு இவ்வளவு தூரம் போவது, அதுவும் கணவரின் தம்பி மேல், எனக்குச் சரியாகப் படவில்லை. ‘அவர்களை அடித்து விரட்டு’ என்பது போல யாராவது எழுதினால் கதையே வேறு, அப்போது தயங்காதீர்கள். எதற்கும் இப்போதே திரைப்பதிவு எடுத்து வையுங்கள், அந்த போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் காட்ட புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

மைத்துனரிடம் எப்படிப் பேசுவது? குரூப்பில் பேசாதீர்கள், அவ்வளவுதான் முதல் விதி. அறுபது வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதரும் தான் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். தனியாக, அவர் வீட்டு சோபாவிலேயே பேசுங்கள். அந்தச் செய்தியின் தலையில் ‘பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது’ என்ற குறிப்பு இருந்திருக்கும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுதினவர் யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று அதில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ‘அவங்க ஜனத்தொகை ஏறிக்கிட்டே போகுது’ என்று நிச்சயம் வரும். வந்தால் கைவசம் இருக்கட்டும்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.9 சதவீதம், பத்து வருடத்துக்கு முன்பு 5.6. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21இல் அது முறையே 2.36, 1.94. இரண்டுமே இறங்குகின்றன, இடைவெளியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ‘கொரோனாவைப் பரப்பினாங்களே’ என்பார். தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. ரத்தான செய்தியை எத்தனை பேர் ஃபார்வேர்டு செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தப் புள்ளிவிவரங்களை ஒரு தடவைக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்றை வெட்டினால் அவர் இன்னொன்றை எடுப்பார். இரண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்பீர்கள். அதைவிட, “உங்களுக்கு நேரில் ஏதாவது நடந்திருக்கா?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நடந்திருந்தால் முழுசாகக் கேளுங்கள். ஒரு கூட்டாளி ஏமாற்றியிருக்கலாம், பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை வந்திருக்கலாம். அது அந்த ஒரு ஆளின் கணக்கு. அதே மாதிரி ஏமாற்றிய நம்மாள் ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது அவர் சாதியையோ மதத்தையோ இழுத்தோமா என்பதை அவரே யோசிக்க வாய்ப்பு கொடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்தப் பதிலே அவருக்குக் கொஞ்ச நாள் உறுத்தும். உங்கள் கணவரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவருக்கு வெறுப்பு இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ளப் பயம். பயப்படுகிறவரிடம் மதநல்லிணக்கம் பேசிப் பலனில்லை. சட்டப்படி நமக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டினால் போதும்.

‘தங்கமான பையன்’

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது. கலாமும் சீதக்காதியும் நமக்குப் பெருமைதான். கீழக்கரை வள்ளல் ஆதரிக்காமல் உமறுப்புலவரின் சீறாப்புராணம் இல்லை. நாகூர் தர்காவுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் செய்த திருப்பணி இன்றும் நிற்கிறது. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டு என்று பேசியவர் காயிதே மில்லத். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்குக் கேட்கிறவருக்கு இதை ஏன் சிபாரிசுக் கடிதமாகக் கொடுக்க வேண்டும்? உங்கள் முந்தைய வாடகைதாரர் ராமானுஜன் அளவுக்குக் கணக்குப் போடுவாரா என்று நீங்கள் கேட்டீர்களா? வாடகை ஒழுங்காக வருமா, சுவரில் ஆணி அடிப்பாரா என்றுதானே பார்த்தீர்கள்? இவரையும் அப்படியே பாருங்கள். ‘இவர் மற்றவர்களைப் போல் இல்லை’ என்று சொல்லி உள்ளே கூட்டி வந்தால், மற்றவர்களைப் பற்றிச் செயலாளர் சொன்னது சரி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் அந்தக் குடும்பம் தினமும் தங்கமாகவே இருந்தாக வேண்டும். ஒருநாள் மெயின்டனன்ஸ் கட்டத் தாமதமானாலும், குழந்தை மாடியில் ஓடிச் சத்தம் வந்தாலும், ‘பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். சாதாரண மனிதர்களாக, அவ்வப்போது தப்பு செய்கிறவர்களாக இருக்கும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இருக்கிற மாதிரி அவர்களுக்கும் வேண்டும்.

குடிவந்த பிறகு அவர்களை எல்லோருக்கும் பழக்கப்படுத்த ஒரு நல்லிணக்க விழா நடத்தலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டால் அவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடுவார்கள். உத்தரப்பிரதேசத்தில் பொருளியல் ஆய்வாளர் ஒருவர் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டி நடத்தி, குலுக்கல் முறையில் சில அணிகளில் பல சாதியினரைக் கலந்து ஆடவைத்தார். ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது; எதிரணியாக மோதியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அதாவது, சந்தித்தால் மட்டும் போதாது, ஒரே பக்கம் நின்று ஏதாவது செய்ய வேண்டும். உங்கள் கட்டடத்திலேயே அதற்கு வேலை கிடக்கிறது. அசோசியேஷன் கணக்கைச் சரிபார்க்க ஆள் இல்லை, இரண்டு வருடமாக இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, வருகிறவர் கணக்காளர். ஆறு மாதம் போகட்டும், அவருக்கு விருப்பம் இருந்தால் பொதுக்குழுவில் பெயரைச் சொல்லுங்கள். சிறுபான்மையினரின் பிரதிநிதியாக அல்ல, கணக்குத் தெரிந்தவராக. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற வாடகைதாரராக இருப்பதிலும் குறையில்லை.

வாடகை ஒப்பந்தத்துக்கு இரண்டு சாட்சிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவராகக் கையெழுத்துப் போடச் சொல்லி உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்; எதிர்வீட்டு அம்மா ஒருவர் ‘நான் உங்க பக்கம்’ என்று காதோடு சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அவரைக் கேளுங்கள். அவரும் இனி காதோடு சொல்லாமல் பேனாவை எடுக்கட்டும்.